வணிகமாகும் செயற்கை நுண்ணறிவின் அறம்: முதுநிலைப் படைப்பாய்வைத் திட்டமிட ஒரு முழுமையான வழிகாட்டி

"செயற்கை நுண்ணறிவின் அறம் பற்றி ஒரு குறும்படம் எடுக்கப்போகிறேன்." முதுநிலை மாணவர்கள் நெறியாளரிடம் முதலில் சொல்வது பெரும்பாலும் இதுதான். வடிவம் அதற்குள் முடிவாகிவிட்டது. பொருளுக்குக் கரையே தெரியவில்லை. வணிகம் என்ற சொல் எங்கும் இல்லை. இப்படித் தொடங்கும் படம், மனம் உடைந்து அழும் ஓர் இயந்திரத்தில்தான் போய் முடியும். யார் எதை யாருக்கு விற்றார்கள் என்ற கேள்வி எழவே எழாது.

நாவல், நாடகம், ஒலிப்படைப்பு, நிறுவல் கலை, வரைகதை, விளையாட்டு என ஏதோ ஒரு படைப்பையும், அதை விளக்கும் ஆய்வுரையையும் சேர்த்துச் சமர்ப்பிக்க வேண்டியவர்களுக்கான வழிகாட்டி இது. படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். ஒரு படியில் கிடைப்பதுதான் அடுத்த படிக்கு மூலப்பொருள். குரல் நகலாக்கம், அதாவது ஒருவரின் குரலைப் போலவே பேசும் இயந்திரக் குரலை உருவாக்குவது, பற்றிய ஒலிநாடகம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கடைசி வரை கொண்டு செல்கிறேன்.

1. துறையின் விதிமுறைகளைப் படியுங்கள்

கற்பனைக்கு முன் இந்தச் சலிப்பான வேலையை முடித்துவிடுங்கள். படைப்புக்கும் ஆய்வுரைக்கும் மதிப்பெண் எந்த விகிதத்தில் பிரிகிறது? தேர்வாளர்கள் படைப்பை நேரில் காண்பார்களா, பதிவாக மட்டும் பார்ப்பார்களா? மனிதர்கள் பங்கேற்கும் ஆய்வுக்கு ஒப்புதல் தரும் அறநெறிக் குழு எப்போது கூடுகிறது? செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தத் துறை அனுமதிக்கிறதா? இந்த நான்குக்கும் எழுத்துப்பூர்வமான விடை கையில் இருக்க வேண்டும். பார்வையாளர் நடந்து பார்க்க வேண்டிய நிறுவலைத் திட்டமிட்ட பிறகு, தேர்வாளருக்குக் காணொளிக் கோப்பு மட்டுமே போகும் என்று தெரிந்தால் மொத்தத் திட்டமும் சரிந்துவிடும்.

உதவித்தொகையையும் பாருங்கள். தொழில்நுட்ப நிறுவனத்தின் பணம் அதில் கலந்திருந்தால் அது நலன் முரண். அதற்காகத் திட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை. முன்மொழிவிலேயே அறிவித்துவிட்டால் போதும். மறைத்தால், வணிக அறம் பற்றிப் பேசும் ஆய்வுக்கு அடித்தளமே இல்லாமல் போகும்.

2. ஒரே ஒரு விற்பனையைத் தேர்ந்தெடுங்கள்

அறம் என்பது இன்னும் ஆய்வுப் பொருளாக மாறவில்லை. விற்பவர், விற்கப்படும் பொருள், வாங்குபவர் ஆகிய மூவரும் ஒரே வாக்கியத்தில் வந்தால்தான் மாறும். "சமூக வலைத்தளங்களில் மக்கள் போட்ட முகப்படங்களைத் திரட்டி, முகமறியும் சேவையாகக் காவல்துறைக்கு விற்ற கிளியர்வியூ ஏஐ" ஒரு பொருள். "மாதச் சந்தா கட்டியவர்களோடு உறவாடிவந்த, ரெப்ளிகா என்ற செயலியின் செயற்கை நுண்ணறிவுத் துணைவர்களின் பேச்சு, 2023 பிப்ரவரியில் நிறுவனத்தின் ஒரு முடிவால் மாறிப்போனது" இன்னொரு பொருள். "இயந்திரங்களும் மனிதமும்" பொருள் ஆகாது.

நம் எடுத்துக்காட்டின் வாக்கியம் இது: ஒரு வேலைக்கென்று பதிவு செய்து கொடுக்கப்பட்ட குரல், அதைக் கொடுத்தவர் அறியாமலேயே வேறொரு மென்பொருளின் குரலாக விற்பனைக்கு வருகிறது. இது கற்பனையில் பிறந்த நிலைமை இல்லை. கனடாவின் குரல் கலைஞர் பெவ் ஸ்டாண்டிங், மொழிபெயர்ப்புப் பணிக்கென்று தான் பதிவு செய்து கொடுத்த குரல் டிக்டாக்கின் எழுத்தை ஒலியாக்கும் வசதியில் ஒலிப்பதாக 2021இல் வழக்குத் தொடுத்தார். அதே ஆண்டில் சமரசம் ஏற்பட்டது.

நடந்து முடிந்த, ஆவணங்கள் உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஒப்பந்தம், சேவை விதிமுறை, வழக்கு மனு, நிறுவனத்தின் அறிக்கை ஆகியவை உங்கள் கற்பனைக்கு எதிர்விசை கொடுக்கும். ஐம்பது ஆண்டு கழித்து நடக்கும் கதையை எழுதினால் உங்களை மறுத்துப் பேச எந்த ஆவணமும் இருக்காது. மறுப்பே எழாத இடத்தில் ஆய்வும் நடக்காது.

3. பணம் போகும் வழியை வரையுங்கள்

ஒரு பெரிய தாளை எடுத்து, நீங்கள் தேர்ந்த விற்பனையில் பங்குள்ள எல்லோரையும் எழுதுங்கள். பணம் போகும் திசையைக் கோடுகளால் காட்டுங்கள். பிறகு வேறு நிறத்தில், பணம் பெறாமலேயே ஏதோ ஒன்றைக் கொடுத்தவர்களைக் குறியுங்கள்: எழுத்து, முகம், குரல், உழைப்பு. மூன்றாவது நிறத்தில், "எனக்கு இது வேண்டாம்" என்று சொல்லி விலக முடியாதவர்களை.

புதியவர்கள் நிறுவனத்தையும் பயனரையும் மட்டும் வரைந்து நிறுத்திவிடுவார்கள். நடுவில் இருப்பவர்கள்தான் கதை. சாட்ஜிபிடி வெளிவருவதற்கு முன், நச்சுப் பேச்சை இனங்காண மென்பொருளைப் பயிற்றுவிப்பதற்காக வன்முறையும் பாலியல் கொடுமையும் நிறைந்த பகுதிகளைப் படித்து வகைப்படுத்தியவர்கள் கென்யாவில் இருந்த ஒப்பந்தப் பணியாளர்கள்; அவர்கள் கைக்குக் கிடைத்த ஊதியம் மணிக்கு இரண்டு டாலருக்கும் குறைவு என்று 2023 ஜனவரியில் டைம் இதழ் வெளியிட்டது. வரைபடத்தில் இவர்களுக்கு இடம் இல்லையென்றால் படைப்பிலும் இருக்காது.

வரைபடத்தில் தேதிகளையும் எழுதுங்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ 2015இல் இலாப நோக்கற்ற அமைப்பாகத் தொடங்கியது. 2019இல், முதல் முதலீட்டாளர்களின் இலாபம் அவர்கள் போட்ட பணத்தைப்போல் நூறு மடங்கைத் தாண்டக் கூடாது என்ற உச்சவரம்போடு ஒரு வணிகப் பிரிவை அமைத்தது. 2025 அக்டோபரில் அந்தப் பிரிவு, இலாபத்தோடு பொதுநலனையும் கருத வேண்டிய வணிக நிறுவனமாக (பொதுநல நிறுவனம்) மறுசீரமைக்கப்பட்டது. தேதி போடாமல் "அவர்கள் வாக்குறுதி கொடுத்தார்கள்" என்று எழுதினால், எந்த அமைப்பு எந்தக் கட்டத்தில் கொடுத்த வாக்குறுதி என்று தேர்வாளர் கேட்பார்.

கலையின் விற்பனையும் விற்பனைதான். 2018 அக்டோபரில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் "எட்மண்ட் டி பெலாமி" என்ற செயற்கை நுண்ணறிவு ஓவியம் 4,32,500 டாலருக்குப் போனது. அதை உருவாக்கிய பிரெஞ்சுக் குழு, ராபி பாரட் என்ற இளம் கலைஞர் பொதுவெளியில் இலவசமாகப் பகிர்ந்திருந்த நிரலைப் பயன்படுத்தியிருந்தது. இந்த ஒரு நிகழ்வை மூன்று நிறங்களில் வரைந்து பழகுங்கள், கை பழகிவிடும்.

நம் ஒலிநாடகத்துக்கான வரைபடத்தில் என் கண் முதலில் போய் நிற்பது ஒப்பந்தத்தின் ஒரு வரியில்: "இப்போது அறியப்பட்டுள்ள, இனி உருவாகவிருக்கும் எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுவதும், காலவரையின்றி." பதிவு ஒப்பந்தங்களில் நெடுங்காலமாக இருந்துவரும் வகை வரி இது. கையெழுத்திடும்போது யாரும் நின்று படிப்பதில்லை. "இனி உருவாகவிருக்கும்" என்ற அந்த ஒரு தொடருக்குள் குரல் நகலும் அடங்குமா என்பதுதான் இன்றைய சச்சரவு. படைப்பின் கரு வரைபடத்தின் ஒரு மூலையில் இப்படித்தான் அகப்படும். அதற்காகத்தான் இவ்வளவு பாடு.

4. விற்பவரின் நியாயத்தை ஒரு பக்கம் எழுதுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்களின் படைப்பு சுவரொட்டியாகிவிடுகிறது. விற்பவரே படித்தாலும் "ஆம், நான் சொல்ல வந்தது இதுதான்" என்று ஒப்புக்கொள்ளும் அளவுக்கு எழுதுங்கள். கிண்டல் கூடாது.

குரல் நகலாக்கத்துக்கு அப்படியொரு பக்கம் எளிதாகவே அமையும். தசைகளை இயக்கும் நரம்புகள் சிதையும் ஏஎல்எஸ் போன்ற நோயால் பேச்சை இழக்கப்போகிறவர்கள் முன்கூட்டியே தங்கள் குரலைச் சேமித்துவைத்து, பிறகு அதே குரலில் குடும்பத்தோடு பேச முடிகிறது. அந்தத் தொழில்நுட்பம் வளரப் பணம் வேண்டும். பணம் சந்தையிலிருந்துதான் பெரும்பாலும் வருகிறது. இதற்கு எதிரே குரல் கலைஞரின் பிழைப்பை வையுங்கள். இப்போது இரண்டு நன்மைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. அந்த மோதலை இரண்டு வரியில் எழுதி மேசை மேல் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் முழுக்கக் கெட்டதாகத் தெரிந்தால் நீங்கள் இன்னும் போதுமான அளவு படிக்கவில்லை என்று பொருள்.

5. படைத்தால்தான் விடை கிடைக்கும் கேள்வியை எழுதுங்கள்

ஆய்வு வினாவுக்கு ஒரே ஒரு சோதனை: நூலகத்தில் உட்கார்ந்து படித்தாலே விடை கிடைத்துவிடுமா? கிடைக்குமென்றால் அது கட்டுரைக்கான கேள்வி. அங்கே படைப்பு வெறும் அலங்காரம்.

"குரல் நகலாக்கம் அறமானதா?" என்பது சோதனையில் தோற்றுப்போகிறது. இதைப் பாருங்கள்: "தான் சொல்லாத சொற்களைத் தன் குரலின் நகல் சொல்லக் கேட்கும் ஒருவர், எந்த இடத்தில் சம்மதத்தைத் திரும்பப் பெற நினைக்கிறார்? அந்தத் தயக்கத்தையே ஒலிநாடகத்தின் அமைப்பாக்க முடியுமா?" முதல் பாதிக்கு விடை ஒருவரை உட்காரவைத்து நகலைக் கேட்கவைத்தால்தான் கிடைக்கும். இரண்டாம் பாதிக்கு, எழுதி, பதிவு செய்து, வெட்டி ஒட்டிப் பார்த்தால்தான் கிடைக்கும். ஆய்வுரையும் படைப்பும் ஒரே கேள்வியின் இரண்டு பாதிகளைச் சுமக்கின்றன.

கேள்வியில் "தாக்கம்", "பங்கு" போன்ற சொற்கள் இருந்தால் நீக்கிவிட்டு மறுபடி எழுதுங்கள். எதைக் கேட்கிறோம் என்ற தெளிவின்மை பெரும்பாலும் அவற்றுக்குள்தான் ஒளிந்திருக்கும்.

6. வடிவத்தை இப்போது முடிவு செய்யுங்கள்

முன்னோடிப் படைப்புகளைப் பார்க்கும் வேலையும் இந்தப் படியில்தான் வருகிறது. வெறும் பட்டியலாகத் தொகுத்தால் பயன் இல்லை. ஒவ்வொன்றுக்கும் மூன்று குறிப்பு எழுதுங்கள்: பணவழியின் எந்தப் பகுதியைக் காட்டியது, அதற்கு இந்த வடிவம் ஏன், எதைக் காட்டாமல் விட்டது.

ஆய்வாளர்கள் கேட் க்ராஃபோர்டும் விளாடன் ஜோலரும் 2018இல் அமேசான் எக்கோ என்ற ஒரே கருவியை எடுத்து, அதன் பின்னாலுள்ள கனிமச் சுரங்கம், உழைப்பு, தரவு அனைத்தையும் ஒரு மாபெரும் வரைபடமாக்கினார்கள். அளவே அங்கே வாதம்; ஒரு பார்வையில் அடங்காத அந்த விரிவுதான் அவர்கள் சொல்ல வந்தது. கலைஞர் அன்னா ரிட்லர் ஏறத்தாழ பத்தாயிரம் துலிப் மலர்களைத் தானே படமெடுத்து, ஒவ்வொன்றுக்கும் கையால் விவரக் குறிப்பு எழுதிச் சுவரில் வைத்தார். தரவுத் தொகுப்பு என்ற சொல்லுக்குள் மறைந்துகிடந்த கையுழைப்பு கண்ணுக்குத் தெரிந்தது. கணினி ஆய்வாளர் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ருவோடு சேர்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், விற்பனையில் இருந்த முகப் பகுப்பாய்வு மென்பொருள்களுக்குக் கருநிறப் பெண்களின் பாலினத்தைக் கணிப்பதில் 34.7 சதவீதம் வரை பிழை இருந்தது. வெண்ணிற ஆண்களுக்கு மிக அதிகமான பிழையே 0.8 சதவீதம்தான். அதே ஆண்டில் புவோலம்வினி அதே பொருளில் ஒரு கவிதையையும் நிகழ்த்திக் காணொளியாக வெளியிட்டார். ஆய்வின் எண்கள், நிறுவனங்களைப் பதில் சொல்லவைத்தன. கவிதை, தவறாகக் கணிக்கப்பட்ட முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கவைத்தது. உங்கள் கேள்விக்கு வேண்டியது எது என்று இந்த வேறுபாட்டை வைத்து முடிவெடுங்கள்.

நம் எடுத்துக்காட்டுக்கு ஏன் ஒலிநாடகம்? திரையில் முகம் தெரிந்தால், பேசுவது யார் என்பதைக் கண் சொல்லிவிடும். ஒலி மட்டும் இருக்கும்போது உண்மைக் குரலா நகலா என்று கேட்பவர் தானே தடுமாற வேண்டும். அந்தத் தடுமாற்றம்தான் பொருள். இப்படி இரண்டு வரியில் காரணம் சொல்ல முடியாவிட்டால் வடிவம் இன்னும் அமையவில்லை.

7. அறநெறிக் குழுவின் ஒப்புதல்

மிக அதிகமான திட்டங்கள் தடுக்கி விழுவது இங்கேதான், பொறுமையாகச் செய்யுங்கள். ஒப்புதல் வருவதற்கு முன் எடுத்த நேர்காணலைப் பொதுவாக ஆய்வில் பயன்படுத்த முடியாது, அது எவ்வளவு அருமையாக அமைந்திருந்தாலும். "சும்மா பேசிப் பார்த்தேன், பதிவும் செய்துவைத்தேன்" என்பவர்கள் நல்ல நேர்காணலை இழந்து நிற்பதைக் கண்டிருக்கிறேன்.

சம்மதத்தை ஒரே கையெழுத்தில் வாங்காதீர்கள். நேர்காணலுக்கு, ஒலிப்பதிவுக்கு, அந்தக் குரலை வைத்து நகல் உருவாக்குவதற்கு, பொதுவில் ஒலிபரப்புவதற்கு, ஆவணக் காப்பகத்தில் வைப்பதற்கு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒருவர் முதல் இரண்டுக்கு ஒப்புக்கொண்டு மூன்றாவதை மறுக்கலாம். அந்த மறுப்பே உங்கள் ஆய்வுக்குக் கிடைத்த சான்று.

விலகும் உரிமையில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒலிக்கோப்பை அழிப்பது எளிது. அதைக்கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட செயற்கை நுண்ணறிவு மாதிரியிலிருந்து அந்தக் குரலின் சுவட்டை மட்டும் பிரித்தெடுப்பது எளிதில்லை. எனவே ஒவ்வொரு பங்கேற்பாளரின் குரலுக்கும் தனி மாதிரியை உங்கள் சொந்தக் கணினியில் உருவாக்குங்கள். அவர் விலகினால் முழு மாதிரியையும் அழித்துவிடலாம். எந்தத் தேதிக்குப் பிறகு விலக முடியாது என்பதையும் படிவத்தில் தெளிவாக எழுதுங்கள். நீங்கள் விமர்சிக்கும் நிறுவனம் வாங்கியதைவிட நீங்கள் வாங்கிய சம்மதம் தளர்வாக இருந்தால், வாய்மொழித் தேர்வின் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

வணிகச் சேவையில் குரலைப் பதிவேற்றுவதாக இருந்தால், பதிவேற்றியதை அந்த நிறுவனம் தன் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளுமா என்று விதிமுறையைப் படியுங்கள். தேதியோடு ஒரு நகல் சேமித்துவையுங்கள். விதிமுறைகள் மாறிக்கொண்டே இருக்கும். நீங்கள் ஒப்புக்கொண்டது எது என்று பிறகு காட்ட வேண்டிவரும்.

தரவு வகைப்பாடு, உள்ளடக்கத் தணிக்கை வேலைகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் இரகசியக் காப்பு ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். அதை மீறிப் பேசும்படி அவர்களைத் தூண்டாதீர்கள். விளைவைச் சுமக்கப்போவது நீங்கள் இல்லை. பெயரை மாற்றினால் மட்டும் போதாது. எந்தப் பிரிவு, எந்த மாதம், எத்தனை பேர் கொண்ட குழு என்ற மூன்று விவரம் சேர்ந்தாலே ஆளை அடையாளம் கண்டுவிடலாம். பலருடைய அனுபவங்களை ஒரே பாத்திரத்தில் சேர்ப்பது பாதுகாப்பான வழி. சேர்த்திருப்பதை ஆய்வுரையில் சொல்லிவிடுங்கள்.

பங்கேற்பாளருக்கு ஊதியம் ஒதுக்குங்கள். கூலி கொடுக்காமல் எடுக்கப்பட்ட உழைப்பைப் பற்றிய படைப்பு, கூலி கொடுக்காமல் எடுத்த உழைப்பின்மேல் நிற்கக் கூடாது. துறையில் நிதி இல்லையென்றால் பங்கேற்பாளர் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

8. கருவிகள் பற்றி ஒரு பக்கக் கொள்கை

நீங்களும் இந்தச் சந்தையின் வாடிக்கையாளர். சந்தா கட்டி ஒரு கருவியைப் பயன்படுத்தினால் பணவழி வரைபடத்தில் உங்கள் பெயரும் ஏற வேண்டும். எதைப் பயன்படுத்துவேன், எதற்கு, எதைத் தொடமாட்டேன் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். பயன்படுத்துவதற்கும் நியாயம் உண்டு, முற்றிலும் தவிர்ப்பதற்கும் நியாயம் உண்டு. பேசாமல் பயன்படுத்துவதற்கு மட்டும் நியாயம் இல்லை.

பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் தேதி, கருவியின் பதிப்பு, நீங்கள் கொடுத்தது, அது தந்தது, நீங்கள் மாற்றியது ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். அதே உள்ளீட்டுக்கு அடுத்த மாதம் அதே விடை வராது, சேவையே நிறுத்தப்படலாம். இந்தக் குறிப்புகள் பதிப்புரிமைக்கும் உதவும். 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் ஒரு வரைகதை பற்றி முடிவு சொன்னபோது, ஆசிரியர் எழுதிய உரைக்கும் அவர் செய்த தேர்வுக்கும் அடுக்குமுறைக்கும் பாதுகாப்பு கொடுத்தது; இயந்திரம் உருவாக்கிய படங்களுக்குக் கொடுக்கவில்லை. உங்கள் கை எங்கே பட்டது என்று பின்னாளில் காட்ட இந்தக் குறிப்பேடுதான் கைகொடுக்கும்.

9. சிறு மாதிரி செய்து காட்டுங்கள்

முழுப் படைப்பில் இறங்குவதற்கு முன், சில நிமிட அளவில் ஒரு பகுதியை முடித்து, துறைக்கு வெளியே உள்ளவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். "பிடித்ததா?" என்று கேட்காதீர்கள். "இதில் யாருக்குப் பணம் போனது?" என்று கேளுங்கள். அவர்களால் சொல்ல முடியவில்லை என்றால் வணிகம் நழுவிப்போய், கதை மீண்டும் இயந்திரத்தின் மனசாட்சியைத் தேடிப் போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். மூன்றாம் படியின் வரைபடத்துக்குத் திரும்புங்கள். விளக்கம் சொல்லிப் புரியவைக்க முயல வேண்டாம்.

10. நாட்காட்டியைக் கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள்

அறநெறிக் குழு திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்பும் என்று எண்ணியே நாள் ஒதுக்குங்கள். ஆய்வுரையைக் கடைசிக்குத் தள்ளாமல் படைப்போடு சேர்த்தே எழுதிவாருங்கள். ஒரு காட்சியை ஏன் வெட்டினோம் என்பது சில வாரங்களில் மறந்துவிடும்.

தகவலுக்கும் ஓர் எல்லைத் தேதி வையுங்கள். இந்தத் துறையில் சட்டமே தவணை முறையில்தான் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2024 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதிலுள்ள தடைகள் 2025 பிப்ரவரி 2 முதல்தான் பொருந்தத் தொடங்கின. மற்றவை கட்டம் கட்டமாக வரும்படி அமைக்கப்பட்டிருக்கின்றன. "இந்தத் தேதி வரை நடந்தவற்றை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன்" என்று முன்மொழிவிலேயே அறிவித்துவிட்டால், ஒவ்வொரு புதுச் செய்திக்கும் படைப்பைத் திருத்தும் அவதி இருக்காது. எல்லைக்குப் பிறகு வந்த பெரிய மாற்றம் ஏதாவது இருந்தால், ஆய்வுரையின் இறுதியில் ஒரு பத்தி போதும்.

11. முன்மொழிவை எழுதும் வரிசை

தாளில் இருக்கும் வரிசை வேறு, எழுத வேண்டிய வரிசை வேறு. விற்பனை வாக்கியத்தையும் ஆய்வு வினாவையும் முதலில் எழுதுங்கள். அடுத்து அறநெறிப் பகுதி. அங்கே எழும் கட்டுப்பாடுகள் முறையியலை மாற்றிவிடும் என்பதால் அது முறையியலுக்கு முன்னால் வர வேண்டும். அதன் பிறகு முறையியல், முன்னோடிப் படைப்புகள், நாட்காட்டி, செலவுக் கணக்கு. அறிமுகத்தையும் தலைப்பையும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

நெறியாளருக்கு அனுப்பும்போது பணவழி வரைபடத்தின் படத்தையும், விற்பவரின் நியாயத்தை எழுதிய அந்த ஒரு பக்கத்தையும் இணைப்பாகச் சேருங்கள். பல துறைகளில் இவற்றைக் கேட்பதில்லை. ஆனால் முதல் சந்திப்பில் வடிவத்தைப் பற்றிப் பேசி நேரம் போய்விடாமல், பொருளைப் பற்றிய பேச்சு உடனே தொடங்க இந்த இரண்டு தாள்களும் உதவும்.